அழிக்கட்டுமா... வேண்டாமா?

நெதர்லாந்தின் கடலோர ஊரான ஹார்லிங்கனில் மழை மேலிருந்து விழுவதில்லை. கடலிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி வந்து, நேராக ஆளின் காதுக்குள் நுழையும்.

அப்படி ஒரு மழையில், மார்ச் மாத முதல் சனிக்கிழமை, சமுதாயக் கூடத்தின் கதவை யெல்மர் முதுகால் தள்ளித் திறந்துகொண்டிருந்தான். கை நிறைய ஒயர். அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் வந்து அவன் முழங்காலில் மோதியது.

"ஏங்க... பிரேக் கிடையாதா உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு. சைக்கிளுக்குத்தான் இல்ல. தள்ளுங்க, தள்ளுங்க... நோயாளி நனையுது!"

சைக்கிளின் முன்பக்க மரப்பெட்டியில், வெள்ளைத் துணிப்பைக்குள் கைக்குழந்தை மாதிரி ஒரு சிபியு படுத்திருந்தது. ஓட்டி வந்த பெண்ணின் தலையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையின் மேலோ ஒரு சொட்டு ஈரம்கூட ஒட்டவில்லை. முடியை ஒதுக்கிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்...

மழைக்குக் கொஞ்சம் முன்னால் கடல் ஒரு நிறத்துக்கு வருமே... சாம்பலா, பச்சையா என்று பந்தயம் கட்டினால் இரண்டு பேருமே தோற்கிற நிறம்... அந்தக் கண்களுக்கு அந்த நிறம்தான். முப்பத்தெட்டு வயதில், முழங்கால் வலித்துக்கொண்டிருக்கும்போது, இப்படியெல்லாம் தோன்றக் கூடாது. யெல்மருக்குத் தோன்றித் தொலைத்தது.

வாரம் முழுக்க அவனுக்கு நீர் வாரியத்தில் வேலை. ஊர் மூழ்காமல் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்புகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் கணினிகளுக்கு அவன்தான் வைத்தியன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் இந்தக் கூடத்தில், பழுது பார்க்கிற கஃபேயில், கணினி மேஜை. கூலி கிடையாது. ஆனால் ஒரு விதி உண்டு. பொருளை வைத்துவிட்டு யாரும் கடைவீதிக்குப் போய்விட முடியாது. உடையவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, திருகைப் பிடித்து, கூடவே சரிசெய்ய வேண்டும்.

அந்த விதியை எழுதிய மகராசன் யாரோ... அன்றைக்கு யெல்மர் அவனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

"பேரு?"

"நின்கே."

"என்ன கோளாறு?"

"ஆன் ஆகலை. போன வாரம் 'டப்'புன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒரே மௌனம்."

பெட்டியைத் திறந்ததுமே கருகிய வாடை வந்தது. யெல்மர் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மதர்போர்டு செத்துடுச்சு."

"கொஞ்சம் பக்குவமாச் சொல்லக் கூடாதா?"

"பக்குவமாச் சொன்னா உயிர் வந்துடுமா?" என்றவன், அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து அவசரமாக இறங்கி வந்தான். "பயப்படாதீங்க. இதே மாதிரி பழைய போர்டு ஒண்ணு தேடிப் பிடிக்கறேன். அடுத்த மாசம் மாட்டிடலாம். மாட்டிட்டு டிஸ்க்கை மொத்தமா அழிச்சு, சிஸ்டத்தைப் புதுசாப் போட்டுடுவோம்."

"அழிக்கவா? டிஸ்க் என்ன பாவம் பண்ணிச்சு?"

"அது என் கொள்கைங்க. போர்டு மாத்தினா சிஸ்டமும் புதுசு. பழைய போர்டோட பழகின பழக்கமெல்லாம் அந்த டிஸ்க்குல ஊறிப் போயிருக்கும். புதுசோட ஒத்துப் போகாது. இன்னிக்குச் சிரிக்கும், ஆறு மாசம் கழிச்சு சண்டை போடும்."

"நீங்க கம்ப்யூட்டரைப் பத்தித்தானே பேசறீங்க?"

காப்பி மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்ல கண்ணு. அவன் பேசறது அவனைப் பத்தி."

தினேகே. நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போதும் எல்லாரையும் தண்ணீரில் தத்தளிப்பவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள். பிஸ்கட் டப்பா அவள் பொறுப்பு. ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட். அரசரே வந்தாலும் ஒன்றுதான்.

"கூட இருந்தவ விட்டுட்டுப் போனதும் இவன் என்ன பண்ணினான் தெரியுமா? வீட்டை மாத்தினான், சோஃபாவை மாத்தினான், கரண்டியைக்கூட விட்டு வைக்கலை. இங்கே இவனுக்குப் பேரே துடைப்பம்!"

"தினேகே..." யெல்மர் கெஞ்சினான். காதுகள் சிவந்துவிட்டன.

நின்கே சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"துடைப்பத்தை இது பக்கம் கொண்டு வராதீங்க. நான் படகுக்குப் பாய் தைக்கிறவ. நூத்தி நாற்பது படகோட அளவு இதுல இருக்கு. அதையெல்லாம் தனியாப் பிரதி எடுத்து வச்சிருக்கேன். ஆனா அதைத் திறக்கற மென்பொருள் இருக்கே... அதைப் பண்ணின கம்பெனியை மூடி ஆறு வருஷம் ஆச்சு. மறுபடி எங்கேயும் வாங்க முடியாது. உலகத்துல இந்த டிஸ்க்குல மட்டும்தான் இருக்கு. அழிச்சீங்கன்னா அத்தனை பாயையும் நான் தரையில தவழ்ந்து கையால வரையணும்."

"அப்போ... பார்க்கலாம்," என்றான் யெல்மர்.

தினேகேயின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ஏழு வருஷத்தில் அவன் அந்த மேஜையில் "பார்க்கலாம்" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

*

போர்டு நாலே நாளில் கிடைத்துவிட்டது. ஏப்ரல்தான் கிடைக்கவில்லை. அது தன் இஷ்டத்துக்கு மெல்ல நடந்து வந்தது. யெல்மர் அந்தப் போர்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மூன்று முறை சுத்தம் செய்தான். முதல் முறை தூசிக்காக. மற்ற இரண்டு எதற்காக என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

ஏப்ரல் முதல் சனி. அவள் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். அதில் ஒன்பது சின்னத் திருகுகள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து முடுக்க வேண்டும். திருகைப் பிடித்து எடுக்கிற சாமணம் பக்கத்திலேயே கிடந்தது... அவன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"ரொம்ப இறுக்கறீங்க," என்றாள் அவள்.

"லூசா விட்டா ஆடும்."

"இறுக்கினா ஓடாது. பாயை எடுத்துக்குங்க... எவ்வளவுதான் இழுத்துக் கட்டினாலும் ஒரு சின்னத் தொய்வு இருக்கணும். அங்கேதான் காத்து வந்து உட்காரும். காத்து உட்கார இடமில்லைன்னா அது பாயில்லை, வெறும் துணி."

அவன் திருகைக் கால் சுற்று தளர்த்தினான். மதர்போர்டுக்கு அது தேவையே இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது.

கடைசித் திருகும் உள்ளே போனது. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். அவள் விரல் பொத்தானை அழுத்தியது. விசிறி சுற்றியது... விளக்கு எரிந்தது... நின்கே அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உயிர் வந்துடுச்சு!"

உயிர் வந்தது வாஸ்தவம்தான். ஆனால் திரையில் வந்து நின்றது அவளுடைய படகுப் படம் அல்ல. முழுக்க நீலம். நடுவில் நாலு வரி, ஒரு வெற்றுப் பட்டை.

யெல்மர் அந்த நாலு வரியை இரண்டு முறை படித்தான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. அவன் கேட்கவில்லை. எப்போதும் அழிக்கிறவனுக்கு, சாவி எங்கே என்று கேட்கிற பழக்கம் எப்படி வரும்?

"டிஸ்க்குல பூட்டு போட்டிருக்குங்க," என்றான் மெதுவாக. "அந்தப் பூட்டு பழைய மதர்போர்டோட முகத்தைப் பார்த்துத் தானாத் திறந்துட்டு இருந்திருக்கு. இப்போ முகம் மாறிடுச்சா... 'நீ யாரு?'ங்குது. நாற்பத்தெட்டு இலக்கத்துல ஒரு எண் இருக்கும், அதைப் போடச் சொல்லுது. இதை முதல்ல அமைச்சவங்களோட இணையக் கணக்குல பத்திரமா இருக்கும். யார் அமைச்சது, நீங்களா?"

விரிந்திருந்த உள்ளங்கை மூடிக்கொண்டது.

"வெஸ்ஸல்."

அந்தப் பெயரை அவள் சொன்ன விதத்திலேயே மிச்சக் கதை இருந்தது. இருந்தாலும் சொன்னாள். "நாலு வருஷம் ஒண்ணா இருந்தோம். போன வருஷம் ஸ்வோலாவுக்கு வேலைன்னு போனான்... வேலை மட்டும் இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. இப்போ திரும்பி வரணுமாம். வாரத்துக்கு ரெண்டு மெசேஜ். நான் ஒண்ணுக்கும் பதில் போடலை. நானா ஒரே ஒரு தடவை போன் பண்ணினாப் போதும்... கதவு திறந்துடுச்சுன்னு பெட்டியோட வந்து நிப்பான்."

ஜன்னலில் மழை சரம் சரமாக வழிந்தது.

"நீங்களே சொல்லுங்க யெல்மர்," அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். "அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாமா? வேண்டாமா? நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அவன் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் பென் டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் புத்தம்புது சிஸ்டம். ஒரே ஒரு வார்த்தை... 'அழிச்சுடலாம்'. அரை மணி நேரத்தில் வெஸ்ஸலின் கணக்கு, வெஸ்ஸலின் பூட்டு, வெஸ்ஸல்... எல்லாம் காலி. அவள் யாருக்கும் போன் பண்ண வேண்டாம். ஊரும் ஆச்சரியப்படாது. அது அவன் கொள்கைதானே?

கூடவே நூற்று நாற்பது பாயும் போகும். அவள் தரையில் தவழ்வாள். 'வேற வழியில்லைங்க' என்று அவன் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டே தவழ்வாள்.

'சொல்லுடா துடைப்பம்... ஏழு வருஷமா எல்லாருக்கும் சொன்னதுதானே...'

"தேவையில்லை," என்றான். தன் குரல் தனக்கே அரசாங்கக் கடிதம் மாதிரிக் கேட்டது. "தொழில்நுட்ப ரீதியா பார்த்தா, மறுபடி போட வேண்டிய அவசியமே இல்லை. போர்டு ஒரே வகை. எண் மட்டும் கிடைச்சா டிஸ்க் அப்படியே திறந்துடும். நீங்க... அவருக்குப் போன் பண்றதுதான் சரி."

"அவனுக்கு நான் போன் பண்ணணும்."

"ஆமா."

"வேற எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

சொல்ல நூறு இருந்தது. "இல்ல," என்றான். "எண் கிடைச்சதும் எனக்குத் தகவல் சொல்லுங்க. நடுவில ஒரு நாள் கூடத்தைத் திறந்து முடிச்சுத் தர்றேன்."

அவள் எழுந்து மழைச்சட்டையை மாட்டினாள். ஒரு கை சரியாக நுழையவில்லை. அதைக்கூடச் சரிசெய்யாமல் நடந்தாள்.

"ரொம்ப நன்றி, மிஸ்டர் துடைப்பம். உங்க தொழில்நுட்பத்துக்கு."

கதவு சாத்திக்கொண்டது. பெட்டி மட்டும் மேஜையில். தினேகே வந்தாள், டப்பாவைத் திறந்தாள், அவன் காப்பி பக்கத்தில் இரண்டாவது பிஸ்கட்டை வைத்தாள். அப்போதுதான் யெல்மருக்குத் தன் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது.

*

தகவல் வரவில்லை.

அவள் எண் அவனிடம் இருந்தது, கஃபேயின் படிவத்தில். ஆனால் படிவத்திலுள்ள எண்ணைச் சொந்தக் காரியத்துக்குத் தொடக் கூடாது என்பது விதி. அவனே கையெழுத்துப் போட்ட விதி. அதனால் தொடவில்லை... தினமும் எடுத்துப் பார்த்தான். பார்ப்பதற்கு விதி இல்லை.

அவள் திருகு வைத்திருந்த உள்ளங்கை ஞாபகம் வரும். நடுவில் ஒரு காய்ப்பு... தடிமனான ஊசியைத் தள்ளித் தள்ளி வந்தது. அலுவலகத்தில் பம்புகளின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். பம்பு தண்ணீரை வெளியே தள்ளும், அது உள்ளே வரும். அதை வெளியே தள்ள எந்தப் பம்பும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஒரு சாயங்காலம் கால்வாய்க் கரை வழியாக வீட்டுக்குப் போனான். அவன் வீடு எதிர்த்திசையில். எதிர்க்காற்று வேறு. பாய்ப் பட்டறையின் ஜன்னலுக்கு, அந்தத் தெருவின் மற்ற ஜன்னல்களைப் போலவே, திரை கிடையாது. உள்ளே வெளிச்சம். தரை முழுக்க விரித்த காகிதத்தின் மேல், பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, நின்கே தவழ்ந்துகொண்டிருந்தாள். கையால் வரைந்துகொண்டிருந்தாள்...

'போன் பண்ணலை. அப்போ வெஸ்ஸல் வரலை!'

சைக்கிள் தானாகவே பறந்தது, ஒரு வினாடி.

'போன் பண்ணலை. அப்போ என் பேச்சைக் கேட்கலை. என்கிட்டயும் சொல்லலை. எனக்கும் அவளுக்கும் நடுவில இருந்தது ஒரு மதர்போர்டு மட்டும்தான்.'

சைக்கிளை நிறுத்தினான். அழைப்பு மணி வரை கை போனது. போய் என்ன சொல்வது? 'பாவமா இருக்கு, அழிச்சுடலாமா' என்றா? கை கீழே இறங்கியது. மழை பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில்.

*

மே முதல் சனி. ஒரு ரேடியோ வந்தது. இரண்டு மடிக்கணினி வந்தன. இரண்டையும் யெல்மர் அழிக்கவில்லை. "பூட்டு சாவி வச்சிருக்கீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டான். தினேகே அவனைக் கவலையோடு பார்த்தாள்.

ஐந்து மணிக்குக் கூடத்தை மூட வேண்டும். நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. வெளியே வெயிலும் மழையும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. அவள் கூந்தலில் இரண்டும் இருந்தன.

"எண் கொண்டு வந்திருக்கேன்," என்றாள் நின்கே. உட்கார்ந்தாள். வெள்ளைப் பாய்த்துணித் துண்டு ஒன்றை மேஜையில் விரித்தாள். பென்சிலில் எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு இலக்கம்.

"போன் பண்ணினீங்களா?"

"பண்ணினேன்."

மேலே கேட்க யெல்மருக்குத் தைரியம் இல்லை. கீபோர்டை இழுத்துக்கொண்டான். "படிங்க."

"நாலு... ஒண்ணு... ஏழு... ஏழு... பூஜ்யம்... மூணு..."

அவன் அடித்தான். அவள் குரல் பக்கத்தில், காதுக்கு ஒரு சாண் தூரத்தில். எண்களை இப்படிக் கூடப் படிக்க முடியுமா என்ன... ஐந்தாவது வரிசையில் அவன் ஒன்பதுக்குப் பதில் ஆறு அடித்தான்.

"ஒன்பது."

"மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லை. அவசரமில்லை எனக்கு."

எட்டாவது வரிசை. கடைசி இலக்கம். நீலம் மறைந்தது. திரை கறுத்தது... வட்டமாகப் புள்ளிகள் சுற்றின... 'சாதனங்களை அமைக்கிறோம்' என்றது... பத்து நிமிஷம் போலத் தோன்றிய ஒரு நிமிஷம். அப்புறம் அவளுடைய படகுப் படம் வந்தது. அவள் மென்பொருளைத் தொட்டாள். வெள்ளைத் திரையில் ஒரு பாய், மெல்லிய கோடுகளில், வயிறு நிறையக் காற்றோடு திறந்தது.

எல்லாம் இருந்தது. ஒரு கோடு குறையவில்லை. எதையும் அழிக்கவில்லை.

"முடிஞ்சுது," என்றான் யெல்மர். தன் வாழ்க்கையில் அதைவிடச் சோகமான வார்த்தை எதையும் அவன் சொன்னதில்லை. "எடுத்துட்டுப் போகலாம். அவர்... வந்துட்டாரா?"

"யாரு, வெஸ்ஸலா? எண்ணைப் படிச்சுக் காட்டினான். அப்புறம் 'காப்பி குடிக்க வரட்டுமா'ன்னான். வேண்டாம்னேன். 'ஏன்'னான். ஏன்னா எனக்கு உன் ஞாபகமே வர்றதில்லைன்னேன். சொன்னப்புறம்தான் அது உண்மைன்னு எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு நிமிஷம்தான் பேசினோம். இதுக்கா ஒரு வருஷம் பயந்தேன்னு இருந்துச்சு."

"எப்போ பண்ணினீங்க?"

அவள் பாய்த்துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"இங்கிருந்து போன மறுநாளே."

"மறுநாளா! அப்புறம் எதுக்கு ஒரு மாசமாத் தரையில தவழ்ந்து..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓஹோ... தரையில தவழ்ந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... வீட்டுக்குப் போற வழியில..."

"உங்க வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னாடின்னு தினேகே சொன்னாங்களே?"

யெல்மரின் காதுகள் மறுபடி சிவந்தன. காப்பி மேஜையில் தினேகே ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

"நீங்க போன் பண்ணுவீங்கன்னு காத்திருந்தேன்," நின்கேயின் குரல் இறங்கியது. "படிவத்துல என் நம்பர் இருக்கே."

"அதைச் சொந்தக் காரியத்துக்குத் தொடக் கூடாது. விதி."

"விதியா!" சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் தொண்டையில் வந்தது. "ஏங்க... இந்தப் பெட்டி சரியாயிடுச்சுன்னா அப்புறம் நான் எதைத் தூக்கிட்டு இங்கே வர்றது? என் வீட்டு டோஸ்டர் நல்லா இருக்கு. விளக்கு நல்லா இருக்கு. போன வாரம் இஸ்திரிப் பெட்டியைக் கீழேகூடப் போட்டுப் பார்த்தேன்... உடையலை!"

யெல்மர் கழுத்திலிருந்த சிவப்புக் கயிற்றைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"நின்கே, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ கேட்டப்போ, அழிச்சுடலாம்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. கொள்கைக்காக இல்ல. பொறாமை. நீ அவனுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு. பொய் சொல்லி உன்னைத் தரையில தவழ விட்டாலும் பரவாயில்லைன்னு... அரை நிமிஷம் நினைச்சேன். அப்புறம் உண்மையைச் சொன்னேன். ஆனா பாதி உண்மைதான். மீதி... எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ கொண்டு வந்த அத்தனை பழசோடயும். ஒண்ணைக்கூட அழிக்கத் தோணலை."

சிபியுவின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கணினியை அணைத்தாள். வெள்ளைப் பையில் நுழைத்தாள். அவன் இதயத்தையும் சேர்த்துக் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"ஆறு மணிக்கு என் வீட்டுல சாப்பாடு."

"என்னிக்கு?"

"இன்னிக்கு."

அந்த ஊரில் ஒருத்தர் வீட்டில் சாப்பிடப் போவதென்றால் மூன்று வாரம் முன்னால் நாள் குறிப்பார்கள். முன்னறிவிப்பில்லாமல் ஐந்தரை மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளியை, உருளைக்கிழங்கு தலைக்கு இத்தனை என்று எண்ணித்தான் உரித்திருக்கிறது என்று சொல்லி, வாசல் வரை வந்து அன்போடு அனுப்பி வைப்பார்கள்.

"இன்னிக்கேவா? திடீர்னு எப்படி... உருளைக்கிழங்கு..."

"காலையிலேயே ரெண்டு பேருக்கு உரிச்சு, தண்ணியில போட்டு வச்சுட்டுத்தான்டா வந்தேன்," என்றாள் நின்கே. கடல் நிறக் கண்கள் ததும்பின. "வா... கறுத்துடப் போகுது."